ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்கு வேலை: சான்றிதழ், நேர்காணல், சேர்ந்த பிறகு தாக்குப்பிடிப்பது

வேம்படி (இழையைத் தொடங்கியவர்)

ஆட்டிசம் என்று தமிழில் தேடினால் வருவதெல்லாம் மூன்று வயதுக் குழந்தையைப் பற்றித்தான். எப்போது பேசும், எந்தப் பள்ளி, எந்தத் தெரபி. அந்தக் குழந்தை 25 வயதில் பி.காம். முடித்துவிட்டு வேலை தேடும்போது யாரிடம் போய்க் கேட்பது? அதற்காகத்தான் இந்த இழை.

ஒரே வேண்டுகோள். சொந்தக் கதை வேண்டாம், அதற்குத் தனி இழை இருக்கிறது. இங்கே செய்முறை மட்டும். என் கேள்விகள் மூன்று:

18 வயதுக்கு மேல் மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்குவது எப்படி, எங்கே தடுக்கும்? ஆட்டிசம் இருப்பதை நேர்காணலில் சொல்வதா, வேண்டாமா? வேலை தெரிந்த ஆள்கூட ஆறே மாதத்தில் வெளியே வருகிறாரே, எங்கே கோளாறு?

---

பொன்னி_ஓடி

தொழில்வழி சிகிச்சையாளர் (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) என்ற முறையில் முதல் கேள்விக்குப் பதில் சொல்கிறேன்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன, ஆட்டிசம் அதில் ஒன்று. நம் ஊர் அரசுப் படிவங்களில் "புற உலகச் சிந்தனையற்றோர்" என்றும் "மதியிறுக்கம்" என்றும் போட்டிருப்பார்கள். முதல் சொல் தப்பான சொல், மனதை நோகடிக்கிற சொல். ஆனால் விண்ணப்பத்தில் தேட வேண்டிய இடம் அதுதான் என்பதால் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

யூடிஐடி அட்டைக்கு (மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை) இணையத்தில் விண்ணப்பிக்கலாம். ஆதார், போட்டோ, கையெழுத்து, முகவரிச் சான்று தயாராக இருக்கட்டும். அதன் பிறகு அரசு மருத்துவமனையில் மருத்துவக் குழு முன்னால் போக வேண்டும். குழு கூடும் கிழமையை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போங்கள். அன்றைக்கு மனநல மருத்துவரும் மருத்துவ உளவியலாளரும் இருப்பார்களா என்று சேர்த்துக் கேளுங்கள். அவர்கள் இல்லாத நாளில் போனால் திரும்பி வருவதுதான் மிச்சம்.

அளவிடுவது ஐஎஸ்ஏஏ என்ற இந்திய அளவுகோலால். 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். 70-க்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை என்று எழுதிவிடுவார்கள். 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை மிதமானது, அதற்கு மேல் தீவிரம். 70 வந்தாலே 40 சதவீதக் குறைபாடு என்று கணக்கு. இடஒதுக்கீட்டுக்குத் தேவையான அளவும் அந்த 40 சதவீதம்தான்.

பெரியவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். அந்த 1 முதல் 5 என்பது அந்தச் சிக்கல் *எவ்வளவு அடிக்கடி* வருகிறது என்பதற்கான எண். 20 சதவீத நேரம் வரை என்றால் 1, 80 சதவீதத்துக்கு மேல் என்றால் 5. கண்ணைப் பார்த்துப் பேசுவீர்களா என்று கேட்டால், இருபது வருடம் பழகிய பழக்கத்தில் "ம், பேசுவேன்" என்று வந்துவிடும். அது 1. மூக்கைப் பார்த்துச் சமாளிக்கிறேன், அரை மணியில் தலை வலித்துவிடும், வீட்டில் யாரையும் பார்த்துப் பேசுவதே இல்லை என்பதெல்லாம் சொன்னால்தானே மதிப்பெண் போடுகிறவருக்குத் தெரியும்? கூட்டிச் சொல்லச் சொல்லவில்லை. மறைத்துப் பழகியதை அன்று ஒரு நாள் மறைக்காதீர்கள் என்கிறேன்.

போவதற்கு முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள்: எந்தச் சத்தம், எத்தனை தடவை, அதன் பிறகு எவ்வளவு நேரம் படுக்க வேண்டியிருந்தது. சின்ன வயதில் உங்களைப் பார்த்த ஒருவரை, அம்மாவோ சித்தியோ, கூட்டிப் போங்கள். பழைய ரேங்க் கார்டில் "யாருடனும் பழகுவதில்லை" என்று ஆசிரியர் எழுதியிருந்தால் அதுவும் சான்றுதான்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று படியுங்கள். நிரந்தரமா தற்காலிகமா என்று பாருங்கள். தற்காலிகமாக இருந்தால், தேர்வில் ஜெயித்து ஆவணம் சரிபார்க்கும் நாளுக்குள் அது காலாவதி ஆகிவிடலாம்.

---

கிண்டி_லோக்கல்

பொன்னி அக்கா விட்ட இடத்திலிருந்து, அரசுத் தேர்வு எழுதுகிறவர்களுக்கு.

சட்டத்தின் 34-ஆம் பிரிவில் அரசு வேலையில் 4 சதவீதம். அதில் ஒரு சதவீதத்தை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகிய பிரிவினர் பகிர்ந்துகொள்ள வேண்டும். இடம் குறைவுதான். அதனால் 'அரசு வேலை கிடைக்கும் வரை வேறெதுவும் வேண்டாம்' என்று ஐந்து வருடம் வீட்டில் உட்காராதீர்கள்.

அறிவிக்கையில் பார்க்க வேண்டியது பதவிக்கு எதிரே போட்டிருக்கும் குறியீடு. மத்திய அரசு 2021 ஜனவரியில் 3,566 பதவிகளை இனங்கண்டு பட்டியலிட்டது. ஏஎஸ்டி (ஆட்டிசத்துக்கான குறியீடு) என்பதற்குப் பக்கத்தில் 'எம்' மட்டும் இருந்தால் லேசான ஆட்டிசத்துக்கு மட்டும். 'எம்ஓடி'யும் இருந்தால் மிதமானவர்களும் போடலாம். உங்கள் சான்றிதழில் 'மிதம்' என்று இருந்து, 'எம்' மட்டும் உள்ள பதவிக்குப் போட்டால் தேர்வில் பாஸ் ஆனாலும் சரிபார்ப்பில் நிற்கும். இந்த ஒரு எழுத்தைக் கவனிக்காமல் இரண்டு வருடம் போய்விடும்.

பக்கத்திலேயே வேலைக்குத் தேவையான உடல் செயல்களும் எழுத்துகளாக இருக்கும். எஸ் என்றால் உட்கார்ந்து, எஸ்டி என்றால் நின்று, ஆர்டபிள்யூ படிப்பதும் எழுதுவதும், சி என்றால் பேசித் தொடர்புகொள்வது. இந்த 'சி'யைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கவுன்ட்டரில் நாள் முழுக்கப் பொதுமக்களுக்குப் பதில் சொல்லும் பதவியா, கோப்பு பார்க்கும் பதவியா என்பது அங்கேயே கொஞ்சம் தெரிந்துவிடும்.

தேர்வில் ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு. விண்ணப்பத்திலேயே கேட்க வேண்டும், தேர்வு அறையில் கேட்டால் கிடைக்காது.

40 சதவீதம் வராதவர்களுக்கு ஒரு செய்தி. 2021-இல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், இடஒதுக்கீட்டுக்குத்தான் அந்த 40 சதவீதம், நியாயமான வசதி (குறைபாட்டுக்கு ஏற்பச் செய்து தரும் மாற்றம்) கேட்பதற்கு அது நிபந்தனை இல்லை என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அவருக்கு இருந்தது எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பிரச்சினை. ஆனால் அந்த வாதம் நமக்கும் பொருந்தும்.

---

செம்பருத்தி

எச்.ஆர். பக்கத்திலிருந்து இரண்டாவது கேள்விக்கு.

இடஒதுக்கீட்டில் விண்ணப்பித்தால் முதல் நாளே சொல்லியாக வேண்டும், அதில் பேச்சே இல்லை. தனியார் என்றால் என் கருத்து: நேர்காணலுக்குக் கூப்பிட்டு மெயில் வந்த பிறகு, நேர்காணலுக்கு முன்னால், *தேவையை மட்டும்* சொல்லுங்கள். ரெஸ்யூமில் போட வேண்டாம். மெயில் இவ்வளவு போதும், ஆங்கிலத்தில் எழுதினாலும் இதே வரிசை:

"நேர்காணலுக்கு அழைத்ததற்கு நன்றி. கேள்விகளை எழுத்தில் பார்த்தால் என்னால் தெளிவாகப் பதில் சொல்ல முடியும். முடிந்தால் கேட்கப்போகும் தலைப்புகளை முந்தைய நாளே அனுப்புங்கள். எத்தனை பேர் கேள்வி கேட்பார்கள், எவ்வளவு நேரம், எந்த அறை என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும். செய்முறைத் தேர்வு வைத்தால் மகிழ்வேன்."

இதில் ஆட்டிசம் என்ற சொல்லே இல்லை. எந்த நல்ல நிறுவனமும் செய்யக்கூடியது. இதற்கே முகம் சுளிக்கிற இடத்தில் வேலைக்குச் சேர்ந்து என்ன ஆகப்போகிறது?

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்ற கேள்விக்கு வாழ்க்கை வரலாறு வேண்டாம். நான்கு வாக்கியம்: படிப்பு, கடைசியாகச் செய்த வேலை, நன்றாகத் தெரிந்த ஒரு கருவி, இந்த வேலை ஏன். எழுதி வைத்துக்கொண்டு 45 வினாடிக்குள் சொல்லிப் பழகுங்கள்.

சட்டம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பலர் தப்பாக நம்புகிறார்கள். நியாயமான வசதி செய்து தருவது *அரசு* அலுவலகத்தின் கடமை என்று 20-ஆம் பிரிவு நேராகவே சொல்கிறது. தனியாருக்கு அவ்வளவு இறுக்கம் இல்லை. ஆனால் 21-ஆம் பிரிவுப்படி தனியார் நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ இருந்தால் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற பதவிகள் எவை, என்ன வசதி, தொடர்பு அலுவலர் யார் என்பது அதில் இருக்க வேண்டும். சேருவதற்கு முன் "உங்கள் சமவாய்ப்புக் கொள்கையை அனுப்ப முடியுமா" என்று கேளுங்கள். வருகிற பதிலே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

---

தறிநூல்

செம்பருத்தி மேடம், எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பெயரைச் சொல்லாமல் தேவையை மட்டும் கேட்டால், ஆறு மாதம் கழித்துப் பிரச்சினை வரும்போது "நீங்க முன்னாடி சொல்லவே இல்லையே" என்பார்கள். எழுத்தில் ஏதும் இல்லாமல் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் மனுப் போட்டால் என்ன காட்டுவது?

---

செம்பருத்தி

நியாயமான கேள்வி. அதனால்தான் இரண்டு கட்டம். ஆஃபர் லெட்டர் கையெழுத்தான பிறகு, சேரும் நாளில் நிரப்பும் படிவத்தில் மாற்றுத்திறனாளி என்ற கட்டத்தில் டிக் போட்டு யூடிஐடி நகலை இணையுங்கள். அதே நாளில் எச்.ஆருக்கு ஒரு மெயில், நகல் உங்கள் சொந்த மெயிலுக்கும். எழுத்தில் இருக்கிறது, தேர்வும் முடிந்துவிட்டது. டீமில் எல்லோருக்கும் சொல்வதா என்பது முழுக்க உங்கள் விருப்பம். எச்.ஆர். உங்களைக் கேட்காமல் டீமுக்குச் சொல்லக்கூடாது என்பதையும் அந்த மெயிலிலேயே ஒரு வரி எழுதுங்கள்.

இன்னொன்று, கட்டத்தில் டிக் போட்டால் கையில் பணமும் வரும். பழைய வருமான வரி முறையில் இருப்பவருக்கு வரிக்குரிய வருமானத்தில் 75,000 ரூபாய் கழிவு, குறைபாடு 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000. இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) சம்பள வரம்பு மற்றவர்களுக்கு 21,000, மாற்றுத்திறனாளிக்கு 25,000.

---

கணக்குப்பிள்ளை

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன், எனக்கு அக்கறை உள்ளது அதில்தான். வேலை தெரியாமல் போகிறவர்கள் குறைவு. *வேலையைச் சொல்லும் விதம்* தெளிவாக இல்லாததால் போகிறவர்கள்தான் அதிகம்.

ஆடிட்டர் ஆபீஸ் வேலையை எடுத்துக்கொள்வோம். மாதம் மாதம் ஒரே தாளம்: 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 14-ஆம் தேதி 2பி (சப்ளையர்கள் தாக்கல் செய்த பில்களின் பட்டியல்) வரும், 20-ஆம் தேதி 3பி (வரி கட்டும் படிவம்). ஒழுங்கை விரும்புகிறவருக்கு அருமையான வேலை. 2பி-யையும் கொள்முதல் பதிவேட்டையும் ஒப்பிட்டு, விட்டுப்போன பில்லைக் கண்டுபிடிப்பதில் ஆட்டிசம் உள்ள பலர் கைதேர்ந்தவர்கள். ஆனால் முதலாளி என்ன சொல்கிறார்? "அந்த டூ-பி-யைக் கொஞ்சம் பார்த்துடு." கொஞ்சம் என்றால் எவ்வளவு? பார்த்துவிட்டு என்ன செய்வது?

அதே வேலை, ஒரு அட்டையில் எழுதி மேசையில் ஒட்டினால் இப்படி:

1. 14-ஆம் தேதி மதியத்துக்கு மேல் 2பி-யை எக்செல் கோப்பாக இறக்கு.
2. டாலியிலிருந்து (கணக்கு மென்பொருள்) அந்த மாதக் கொள்முதல் பதிவேட்டை எடு.
3. இரண்டிலும் ஜிஎஸ்டிஐஎன் (சப்ளையரின் ஜிஎஸ்டி எண்), பில் எண் இரண்டையும் சேர்த்து ஒரே பத்தியாக்கு. பில் எண்ணில் உள்ள சாய்கோடு, சிறுகோடு, முன்னால் வரும் பூஜ்ஜியம் எல்லாவற்றையும் நீக்கு. பொருந்தாமல் போவது பெரும்பாலும் இங்கேதான்.
4. பொருந்தாததை மூன்றாகப் பிரி: நம்மிடம் உண்டு 2பி-யில் இல்லை, 2பி-யில் உண்டு நம்மிடம் இல்லை, தொகை வித்தியாசம்.
5. 10 ரூபாய்க்குக் கீழே உள்ள வித்தியாசத்தை விட்டுவிடு.
6. மீதிப் பட்டியலை 16-ஆம் தேதி மாலை 5 மணிக்குள் சாருக்கு மெயில் அனுப்பு. சப்ளையருக்கு நீ போன் செய்ய வேண்டாம்.

ஐந்தாவதும் ஆறாவதின் கடைசி வாக்கியமும்தான் உயிர்நாடி. எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லாவிட்டால், நாற்பது பைசாவைத் தேடி ஆள் இரவு ஒன்பது மணி வரை உட்கார்ந்திருப்பார். அந்த 10 ரூபாய் உதாரணத்துக்குத்தான், உங்கள் ஆபீஸில் எவ்வளவு என்பதைக் கேட்டுப் போடுங்கள்.

அட்டையை முதலாளி எழுதித் தரமாட்டார். நீங்கள் எழுதி, "இப்படித்தானே சார்?" என்று அனுப்புங்கள். அவர் திருத்தி அனுப்பினால் அதுவே உங்களுக்கு எழுத்து மூலமான உத்தரவு.

---

வேம்படி

கணக்குப்பிள்ளை அண்ணா, இந்த அட்டைக்கே இழை தொடங்கியது வீண்போகவில்லை. 'கொஞ்சம் பார்த்துடு' மாதிரி வேறு சொற்களையும் யாராவது தொகுக்க முடியுமா?

---

ஓசையில்லாதவன்

நான் தொகுத்து வைத்திருப்பதைத் தருகிறேன். ஆட்டிசம் உள்ளவர்கள் தமிழ் அலுவலகத்தில் அதிகம் மாட்டிக்கொள்வது இந்தச் சொற்களில்தான்.

"பார்க்கலாம்": பத்தில் எட்டு தடவை இல்லை என்று அர்த்தம். லீவு கேட்டு இந்தப் பதில் வந்தால் லீவு கிடைத்துவிட்டது என்று எண்ணாதீர்கள். "சார், 12-ஆம் தேதி லீவு உறுதியா? நாளைக்குள் சொன்னால் டிக்கெட் போடுவேன்" என்று எழுதிக் கேளுங்கள்.

"ஒரு அஞ்சு நிமிஷம்": அரை மணி நேரமாகவும் இருக்கும். கதவருகே நிற்காமல் இடத்துக்குத் திரும்புங்கள், "உங்கள் வேலை முடிந்ததும் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு.

"சாப்டீங்களா?": வணக்கத்துக்குப் பதில். என்ன சாப்பிட்டீர்கள் என்ற விவரம் வேண்டாம். "ஆச்சு, நீங்க?" போதும்.

"உங்க இஷ்டம்": மிக ஆபத்தான சொல். பல நேரம் 'எனக்குப் பிடிக்கவில்லை' என்று பொருள். "இரண்டில் எது உங்களுக்குச் சரி, ஒன்றா இரண்டா?" என்று கேட்டுவிடுங்கள்.

"அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க": இதற்கு எப்போதும் ஒரு கேள்வி கேளுங்கள். எத்தனை நாளைக்கு?

பிறகு, மேலதிகாரியின் தப்பைக் கூட்டத்தில் திருத்துவது. தப்பு தப்புதான், சொல்ல வேண்டியதும்தான். ஆனால் நாலு பேர் முன்னால் சொன்னால் அவர் காதில் விழுவது தப்பு இல்லை, அவமானம். கூட்டம் முடிந்ததும் தனியாக ஒரு வரி: "சார், 14-ஆம் வரிசையில் தொகை பொருந்தவில்லை, ஒருமுறை பாருங்கள்."

---

பொன்னி_ஓடி

சத்தம், வெளிச்சம் பற்றி யாரும் எழுதவில்லையே. பாதி வேலை பறிபோவது அதனால்தான்.

சத்தத்துக்கு எல்லோரும் வாங்குவது இரைச்சல் குறைக்கும் ஹெட்போன். அது ஏசி, பஸ் எஞ்சின் மாதிரி ஒரே சீராக வரும் தாழ்ந்த ஒலியைத்தான் நன்றாக அடக்கும். பக்கத்து மேசைப் பேச்சை அவ்வளவாக அடக்காது. பேச்சுதான் தொந்தரவு என்றால் மருந்துக்கடை நுரை அடைப்பான் மேல். பலர் அதை நுனியில் செருகிவிட்டு உபயோகமில்லை என்கிறார்கள். நூல் மாதிரி மெல்லியதாக உருட்டுங்கள், எதிர்க்கையைத் தலைக்கு மேலே கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழுங்கள், உள்ளே விட்டு 30 வினாடி விரலால் பிடியுங்கள். விரியும்போது சத்தம் மெல்ல அமுங்குவது தெரியும். வண்டி ஓடும் தொழிற்கூடத்திலும் லாரி வந்துபோகும் கிடங்கிலும் இரண்டும் கூடாது, ஹார்ன் கேட்க வேண்டும்.

வெளிச்சம்: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் இரும்புச் சோக் போட்ட பழைய டியூப்லைட் வினாடிக்கு 100 தடவை மினுக்கும். பெரும்பாலோர் கண்ணுக்குத் தெரியாது, சிலருக்கு மாலை நான்கு மணிக்குத் தலைவலியாகத் தெரியும். மட்டமான எல்இடியும் அப்படியே மினுக்கும். போனில் ஸ்லோமோஷன் வீடியோவை ஓடவிட்டு லைட்டைப் பிடியுங்கள். படம் துடித்தால் லைட்தான் குற்றவாளி. அந்த வீடியோவை நிர்வாகத்துக்கு அனுப்பி, உங்கள் தலைக்கு மேலுள்ள ஒரே ஒரு லைட்டை மாற்றக் கேளுங்கள். சில நூறு ரூபாய் வேலை. "லைட் ஒத்துக்கவில்லை" என்று வாயால் சொன்னால் யாரும் நகரமாட்டார்கள்.

---

தறிநூல்

பெண்களுக்கு ஒன்று சேர்க்கிறேன். டீ ஊற்றுவது, கேக் வாங்குவது, கோலம் போடுவது, புதிதாக வந்தவரிடம் பேச்சுக்கொடுப்பது எல்லாம் அவர்கள் தலையில்தான் விழுகிறது. செய்யாவிட்டால் திமிர் என்ற பெயர். ஒரு வேலையை நீங்களாகவே எடுத்துக்கொண்டு மற்றதை மறுப்பது எளிது. "பொங்கலுக்குக் கணக்கு நான் பார்த்துக்கறேன், மேடை வேலை வேண்டாம்."

---

ஓசையில்லாதவன்

ஓய்ந்து போவது பற்றியும் எழுதியாக வேண்டும். இது சோம்பலும் இல்லை, சாதாரணக் களைப்பும் இல்லை. மாதக்கணக்கில் இயல்பானவர் போல நடித்து, சத்தத்தைப் பொறுத்து, கடைசியில் உடம்பு நின்றுவிடுவது. அறிகுறி: நேற்று வரை தாங்கிய மிக்ஸி சத்தம் இன்று தாங்காது, பேச்சு வராமல் போகும், குளிப்பது சமைப்பது மாதிரி தெரிந்த வேலையே மறந்தது போல ஆகும். ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தூங்கியும் திங்கள் காலை அப்படியே இருந்தால் இதைச் சந்தேகியுங்கள்.

அன்றைக்கு ராஜினாமா மெயில் அனுப்பாதீர்கள். எழுதத் தோன்றினால் எழுதுங்கள், பெறுநர் பெயர் போடாமல் வையுங்கள், 48 மணி நேரம் கழித்து ஒரு நம்பிக்கையான ஆளோடு உட்கார்ந்து படியுங்கள். பாதியில் நின்றுவிட்டால் நோட்டீஸ் காலச் சம்பளமும் ரிலீவிங் லெட்டரும் சிக்கலாகும், அடுத்த வேலைக்கு அந்த லெட்டர் வேண்டும்.

அதற்குப் பதிலாக மருத்துவரிடம் போய் மருத்துவ விடுப்பு. இஎஸ்ஐ-யில் இருப்பவருக்கு ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். அதற்கு முந்தைய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். திரும்பி வரும்போது முதல் இரண்டு வாரம் அரை நாள் கேளுங்கள். முழு நாளில் நேராகக் குதித்தால் மூன்றாம் வாரம் மறுபடி படுக்கைதான்.

---

வேம்படி

கடைசியாக ஒன்று. ஆயுதபூஜை வருகிறது. ஆபீஸைக் கழுவி மேசைகளை மாற்றிப் போடுவார்கள், சாம்பிராணி, மணிச்சத்தம். இதை எப்படிச் சமாளிப்பது?

---

கணக்குப்பிள்ளை

ஒரு வாரம் முன்பே கேட்க வேண்டியது இரண்டு: பூஜை எத்தனை மணிக்கு, என் மேசை நகருமா. நகரும் என்றால் இப்போதே மேசையைப் போனில் படம் எடுத்து வையுங்கள், வயர் எங்கே செருகியிருக்கிறது என்பது உட்பட. மேசைக் கால் நிற்கும் இடத்தில் தரையில் மாஸ்கிங் டேப் சின்னத் துண்டு ஒட்டிவிடுங்கள். கழுவினால் பிய்ந்துவிடும் என்றால் சாக்பீஸ் வேண்டாம், சுவரோரம் பென்சில் கோடு. பூஜையன்று உங்கள் கால்குலேட்டரை முன்னால் வைத்து, பொட்டு வைத்ததும் கும்பிட்டுவிட்டுச் சாம்பிராணி போடும் முன் மாடிக்குப் போய்விடலாம். பொரிகடலைப் பொட்டலத்தை மட்டும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், "வரவே இல்லை" என்ற பேச்சு வராது. மறுநாள் அரை மணி முன்னால் போய் மேசையைப் பழையபடி போட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.